யாருடைய படபடப்பு

குணசுந்தரிக்கு மூன்று வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. சோற்றில் கை வைத்ததும் அடுப்பை அணைத்தோமா என்று ஒரு பதற்றம் வரும். போய்ப் பார்த்தால் அணைத்துத்தான் இருக்கும். வேறு யாராவது என்றால் டாக்டரிடம் போயிருப்பார்கள், இல்லையென்றால் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்திருப்பார்கள். குணசுந்தரி இரண்டையும் செய்யவில்லை. அந்தப் பதற்றம் தன்னுடையது இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அவளுடைய குழுவில் இருக்கும் மூன்று ஆண்களில் ஒருவனுடையது அது. எவனுடையது என்பதுதான் பிடிபடவில்லை.

பணகுடிக்குத் தெற்கே, கணவாய்க் காற்று வந்து மோதும் பொட்டலில் அந்தக் கம்பெனியின் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறைக்குக் குணசுந்தரி பொறுப்பு. பூதத்தான், ஜெபராஜ், லிங்கதுரை மூவரும் மேலே ஏறிப் பழுது பார்க்கிறவர்கள். இரண்டு பேர் ஏறுவார்கள், ஒருவன் கீழே நிற்பான். அவள் அறையில் இருந்தபடி எந்த இறக்கை ஓடலாம், எது நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வாள். நான்கு பேரில் ஒருவர் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருந்தால் இன்னொருவர் செத்துப்போகக்கூடிய தொழில் இது.

வேறொரு இடத்தில் அப்படித்தான் ஆனது. மேலே ஆள் இருக்கிறான் என்று ஒருவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. இறக்கையை ஓடவிட்ட பெரியவர்களுக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டான், மேலே இருந்தவன் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து நிவேதன் என்ற பொறியாளர் வந்து பட்டையைக் கொடுத்தான். பிடரியில் ஒட்டிக்கொள்ளும், விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. மனிதர்களைப் பேச வைக்க வழி தெரியாதவர்கள், பேசாமலே புரிந்துகொள்ள ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இது வார்த்தையை அனுப்பாதுங்க மேடம்," என்று விளக்கினான் நிவேதன். "உங்க குழுவுல ஒருத்தருக்கு மனசு பதறுச்சுன்னா, மத்தவங்களுக்கும் அதே மாதிரி கொஞ்சம் பதறும். திரையில பார்க்க வேண்டியதில்ல. உங்க நெஞ்சே சொல்லிரும்."

"யாருக்குப் பதறுதுன்னு காட்டுமா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"காட்டாதுங்க. அதை வேணும்னேதான் விட்டுட்டோம். பேர் போட்டா இது ஆளைப் பிடிச்சுக் கொடுக்கிற கருவி ஆயிடும். அப்புறம் யாருங்க போட்டுக்குவாங்க?"

நியாயமான பேச்சு. அதனால்தான் நால்வரும் மறுப்புச் சொல்லாமல் போட்டுக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் பட்டை நல்லதைத்தான் செய்தது. அதை மறைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஒருநாள் லிங்கதுரை உச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே குளிர்ந்த அறையில் இருந்த குணசுந்தரிக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, "என்னல செய்யுது ஒனக்கு?" என்று கேட்டபோது அவன், "ஒண்ணும் இல்லக்கா, லேசா கிறுகிறுன்னு வருது" என்றான். உடனே இறங்கச் சொன்னாள். இறங்கிய கையோடு மயங்கி விழுந்தான். மேலேயே விழுந்திருந்தால் அவன் கதை முடிந்திருக்கும். அன்று லிங்கதுரையின் மனைவி பட்டைக்குச் சூடம் காட்டாத குறைதான்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. முன்பெல்லாம் காலையில் ஏறுவதற்கு முன்னால் கட்டுப்பாட்டு அறையில் டீ குடித்தபடி ஒரு பாட்டம் குறை சொல்லித் தீர்ப்பார்கள். இந்தக் காற்றாலையில் ஏணி ஆடுகிறது, அதில் எண்ணெய் கசிகிறது, உன் தலை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று எல்லாம் கலந்துதான் வரும். ஒரு குறையாவது சொல்லாதவனுக்கு டீ கிடையாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். பட்டை வந்ததும் அது மெல்ல நின்றுபோனது. ஏதாவது இருந்தால் நெஞ்சுக்கே தெரிந்துவிடப்போகிறது, எதற்குத் தொண்டைத் தண்ணீரை வற்ற வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆளுக்கொரு மூலையில் நின்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். நிவேதன் அதைக்கூடத் தன் அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதினான்.

பிறகுதான் இந்தப் படபடப்பு தொடங்கியது. லிங்கதுரைக்கு வந்தது மாதிரி ஒரேயடியாக அடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதுகொண்டே இருப்பது மாதிரி, விடாமல், மெதுவாக. நால்வருக்கும் அது கேட்டது. நால்வரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர்கூட, "ஒனக்கு என்னவே ஆச்சு?" என்று கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வாயால் கேட்பது புண்ணில் விரலை விடுவது மாதிரி அவர்களுக்குத் தோன்றியது.

காற்று சீசன் உச்சத்தில் இருக்கும்போது குழு இப்படி நிலைகொள்ளாமல் தவிப்பது தலைமை அலுவலகத்துக்கும் எட்டியது. பட்டைகளிலிருந்து அங்கே போவது குழுவின் மொத்தப் பதற்றக் கணக்கு மட்டும்தான், ஆனால் அது ஏறிக்கொண்டே போனது. நிவேதன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"மேடம், இப்படியே விட்டா யாரையும் மேல ஏத்த முடியாதுங்க," என்றான் குணசுந்தரியிடம் தனியாக. "பதட்டத்துல இருக்கிற ஒருத்தர் மத்தவங்களையும் பதட்டப்படுத்திட்டு இருக்கார். யாருக்காவது வீட்டுல பிரச்சினை இருக்குதுங்களா?"

குணசுந்தரி கொஞ்சம் தயங்கினாள். அவள் நினைவில் வந்தது பூதத்தான். அவன் மனைவி பெட்டியும் கையுமாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வள்ளியூர் பஸ்ஸில் ஏறியதை ஜெபராஜ் பார்த்திருந்தான். அன்றிலிருந்து பூதத்தான் மதியத்துக்கு ஹோட்டல் பொட்டலம்தான் பிரிக்கிறான். இதைப் பார்த்து மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு கதையைக் கட்டி வைத்திருந்தார்கள். பூதத்தானிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

"எல்லாரையும் உக்கார வச்சுப் பேசிருவோம்," என்றாள்.

மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். நிவேதன் நயமாகத்தான் பேசினான். இது குற்றம் இல்லை, யாருக்கும் வரும், சொல்லிவிட்டால் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்றான். அவன் பேசி முடிப்பதற்குள்ளேயே ஜெபராஜின் கண் பூதத்தான் பக்கம் போனது. லிங்கதுரையின் கண்ணும் போனது. குணசுந்தரி தன் கண்ணைப் போகவிடாமல் பிடித்து வைத்துப் பார்த்தாள். அதுவும் போய்விட்டது.

பூதத்தான் நல்ல உயரம், நல்ல கறுப்பு, எண்பது மீட்டரை மூச்சு வாங்காமல் ஏறுகிறவன். அவன் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். கொஞ்ச நேரம் எதையோ உள்ளுக்குள் தேடுகிறவன் மாதிரி இருந்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"நான்தான் போல இருக்குக்கா," என்றான்.

அறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. குணசுந்தரி அவன் பிடரியிலிருந்து பட்டையைத் தானே உரித்தெடுத்தாள். மனநிலை சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் சான்று வாங்கி வரும்வரை சம்பளம் இல்லாத விடுப்பு என்று நிவேதன் சொன்னதற்கு அவள்தான் கையெழுத்துப் போட்டாள். நல்லதுக்குத்தான் என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, ஹெல்மெட்டைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் படபடப்பு அடங்கியது. அதற்கு அடுத்த நாளும் இல்லை. லிங்கதுரை, "பாவம்தான், ஆனா இப்பத்தான் சோறு இறங்குது" என்றான். குணசுந்தரிக்கும் தான் செய்தது சரி என்று பட்டது. அந்த இரண்டு நாளும் காற்று செத்துப்போய்க் கிடந்ததையும், ஒரு காற்றாலையின் இறக்கைகூட அசையவில்லை என்பதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காற்று எடுத்தது. மேற்கே மலை முகட்டில் மேகம் கிழிந்து ஓட, பொட்டலில் புழுதி பறந்தது. இறக்கைகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. பொழுது உச்சிக்கு வருவதற்குள் குணசுந்தரியின் நெஞ்சில் அந்தப் பழைய குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் இன்னொருவனும் இருக்கிறான். ஜெபராஜா? அவன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்வி. லிங்கதுரையா? அன்று மயங்கி விழுந்த பயம் உள்ளேயே தங்கிவிட்டதா? ஜெபராஜும் லிங்கதுரையும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் பாதுகாப்புக் கயிற்றை எடுத்து மாட்டிக்கொண்டு, பழுது பார்க்க ஒன்பதாம் காற்றாலைக்குப் போனார்கள். பூதத்தான் இல்லாததால் கீழே நிற்க ஆளில்லை. காற்று வரும் நேரத்தில் ஒரு காற்றாலையை நிறுத்தி வைத்தால் தலைமை அலுவலகத்துக்கு வலிக்கும், ஆகவே இருக்கிற ஆளை வைத்து முடியுங்கள் என்று உத்தரவு.

குணசுந்தரி திரையில் ஒன்பதுக்குப் பிரேக் போட்டாள். இறக்கை நின்றது. இருவரும் ஏறினார்கள். உச்சியில் உள்ள இயந்திர அறைக்குப் போய், இறக்கையின் அச்சில் பூட்டு ஆணியைச் செருக வேண்டும். செருகிவிட்டால் பிறகு புயலே வந்தாலும் இறக்கை அசையாது. ஆனால் ஆணியைச் செருகும் அந்தக் கொஞ்ச நேரம் ஒருவன் அச்சுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் அவனுக்கும் சாவுக்கும் நடுவில் பிரேக் ஒன்றுதான் இருக்கும்.

அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிடரி வேறு அரித்தது. வேர்வையில் பட்டைக்கு அடியில் வேர்க்குரு வெடித்துச் சிவந்திருந்தது. மேலே ஆள் இருக்கும்போது பட்டையைக் கழற்றக் கூடாது என்பது விதி. அரிப்புக்கு விதி தெரியுமா? ஒரு நிமிடம்தானே என்று கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குழாயடியில் குனிந்து பிடரியில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள்.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

படபடப்பு அப்படியே இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்று பார்த்தாள். குறையவில்லை. பட்டை மேசையில் கிடக்கிறது, ஜெபராஜும் லிங்கதுரையும் அரை மைல் தள்ளி மேலே இருக்கிறார்கள், நெஞ்சு மட்டும் அதே மாதிரி அடித்துக்கொள்கிறது. இத்தனை நாளாக இன்னொருவனுடையது என்று ஒதுக்கி வைத்திருந்தது தன்னுடையதா? அப்படியானால் எனக்கு என்ன பயம்? இந்தக் கேள்வியை மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் வந்து நின்றது. ஒன்பதுக்குப் பிரேக் போட்டால் இறக்கை நிற்கக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கிற அளவுக்கு இல்லை. அவளுடைய கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு.

வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"ஜெபராஜ், எங்க நிக்க?"

"மேல வந்தாச்சுக்கா. ஆணியை எடுக்கோம்."

"ஆணியைத் தொடாதிய. ரெண்டு பேரும் மொதல்ல பட்டையைக் கழட்டுங்க."

"கழட்டக் கூடாதுல்லாக்கா?"

"நான் சொல்லுதேன், கழட்டுல."

காற்றின் இரைச்சலுக்கு நடுவே பட்டை உரியும் சத்தம் கேட்டது.

"கழட்டியாச்சு."

"இப்ப படபடப்பு போயிட்டா?"

ஜெபராஜின் குரல் மாறியிருந்தது. "போகலக்கா."

"லிங்கதுரைக்கு?"

"அவனுக்கும் அப்படியேதான் இருக்காம். என்னக்கா இது?"

"ஒனக்கு என்னல பயம்? யோசிக்காம சொல்லு."

"இந்தப் பிரேக்குதான்க்கா," என்றான் ஜெபராஜ், அதைச் சொல்லிவிட்டுத் தானே திகைத்தவன் மாதிரி. "பிடிச்ச பொறவும் காலுக்கடியில ஒரு உதறல் இருக்கு. போன மாசமே இருந்துச்சு. லிங்கதுரையும் அதத்தான் சொல்லுதான். நான் அவன் பயம்தான் எனக்கு வருதுன்னு நெனச்சேன். அவன் என் பயம்னு நெனச்சிருக்கான்."

"ஒண்ணையும் தொடாம இறங்குங்க ரெண்டு பேரும். பைய இறங்குங்க."

அவர்கள் இறங்கி வரும்வரை அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள். இருவரும் தரையைத் தொட்டு, ஜீப் வரைக்கும் வந்த பிறகுதான் காற்று ஒரு மூச்சு கூடுதலாக அடித்தது. பிரேக் போட்டு நிறுத்திய இறக்கை லேசாக அசைந்தது. பிறகு சுற்றத் தொடங்கியது. பிறகு யாரும் பிடிக்காத இறக்கை மாதிரி வேகமெடுத்தது. உச்சியிலிருந்து புகை வந்தது. லிங்கதுரை அப்படியே புழுதியில் உட்கார்ந்து தன் வலது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

நிவேதன் மறுநாளே வந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. "பார்த்தீங்களா மேடம், பட்டை மூணு வாரம் முன்னாடியே சொல்லிருச்சுங்க. நமக்குத்தான் புரிஞ்சுக்கத் தெரியல."

"புரிஞ்சுக்கிட்டுத்தான சார் பூதத்தானை அனுப்புனோம்," என்றாள் குணசுந்தரி.

அவன் கொஞ்சம் வாடினான். கெட்ட மனிதன் இல்லை. "அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கலாங்க. சான்றெல்லாம் வேண்டாம்," என்றான்.

"அவன் பதட்டமா இருந்தானா இல்லையான்னு ஒங்க கணக்குல பாக்க முடியுமா?"

"முடியாதுங்க. ஆளாளுக்குத் தனியா நாங்க வச்சுக்கறதே இல்ல. சொன்னேனுங்களே."

அன்று மாலையே குணசுந்தரி பூதத்தானைப் பார்க்கப் பணகுடிக்குப் போனாள். பட்டையை மேசை டிராயரில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். இனிமேல் மனிதரிடம் மனிதராகப் பேசிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பூதத்தான் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். நான்கே நாளில் ஆள் வாடிப்போயிருந்தான். அவளைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டான். உள்ளேயிருந்து அவன் மனைவி வந்து தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, வாங்க என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

"ஊர்ல இருந்து வந்துட்டாளா?" என்று குணசுந்தரி கேட்டாள்.

"எந்த ஊர்ல இருந்து? அவ தங்கச்சி பிரசவத்துக்கு வள்ளியூர் போயிருந்தா. பத்து நாள்ல வந்துட்டாளே."

குணசுந்தரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்ப வீட்டுல பிரச்சினை ஒண்ணும் இல்லையா?"

"அப்ப இல்ல," என்றான் பூதத்தான். "இப்பத்தான் இருக்கு. மண்டை சரியில்லைன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாவன்னு தெருவே பேசுது. அவ பிள்ளையை எங்கூடத் தனியா விட மாட்டேங்கா."

அவள் பிரேக் கதையைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லோருடைய பயமும் ஒரே பயம்தான் என்றும், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்றும், தான் செய்தது பெரிய பாவம் என்றும் சொன்னாள். அவன் செயினைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பொறவு ஏம்ப்பா நான்தான்னு ஒத்துக்கிட்ட?" என்று கேட்டாள்.

"நீங்க மூணு பேரும் என்னையப் பாத்தியள்லா, அப்ப உள்ள ஒரு படபடப்பு வந்து இறங்குச்சுக்கா. இவன்தான், இவன்தான்னு அடிச்சுச்சு. அது ஒங்க சந்தேகம்னு எனக்கு எப்படித் தெரியும்? என் நெஞ்சுக்குள்ளதான வந்துச்சு. நானே என்னையச் சந்தேகப்படுதேன்னு நெனச்சேன். அதான் சொன்னேன்."

குணசுந்தரிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். "நாளைக்கே வேலைக்கு வந்துரு பூதத்தான். ஒம்மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. நாங்க மூணு பேரும் ஒன்னைய நம்புதோம்."

அவன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கழுத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்லாக்கா," என்றான். "எனக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கலாம்."

"எதுக்கு?"

"நம்புதோம்னு சொல்லுதிய. சரி. வாயால யார் வேணும்னாலும் சொல்லலாம். நல்லதுக்குத்தான்னு அன்னைக்கும் ரெண்டு மட்டம் சொன்னிய. உள்ள என்ன இருக்குன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்க?"

பட்டை இருந்திருந்தால் அவனுக்கு இப்போது என்ன போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். அவனை அவள் நம்புகிறாள், அது சத்தியம். ஆனால் நெஞ்சில் இப்போது அடித்துக்கொள்வது நம்பிக்கை இல்லை, வெட்கம். அவனிடம் போய்ச் சேரும்போது அதுவும் வெறும் படபடப்பாகத்தான் கேட்கும். இன்னும் சந்தேகம் போகவில்லை என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

"நாளைக்கும் வாரேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பூதத்தான் வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. குனிந்து செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றிய செயின் நழுவி விழுந்தது, மறுபடி எடுத்து ஏற்றினான்.